வட பேராக் எல்லைப்புறம்

வட பேராக் எல்லைப்புறம் என்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், மேற்கே கிரியான் ஆற்றுப் படுகையின் சதுப்பு நிலத்தில் தொடங்கி, லாருட் சமவெளியையும் செலாமாவையும் பிந்தாங் மலைத்தொடரையும் கடந்து, கிழக்கே பேராக் ஆற்றின் தலைப்பகுதியான உலு பேராக் வரை நீளும் நிலப்பட்டையைக் குறிக்கும். இதன் வடமேற்கில் பினாங்கும், வடக்கில் கெடாவும், வடகிழக்கில் தாய்லாந்தின் யாலா மாகாணமும், கிழக்கில் கிளந்தானும் அமைந்துள்ளன. இப்பட்டையின் தலைமை நகரமாக வளர்ந்த தைப்பிங், 1876 முதல் 1937 வரை பேராக்கின் நிர்வாகத் தலைநகராக விளங்கியது. இந்நிலம் வெவ்வேறு காலங்களில் பேராக், கெடா, அச்சே, சயாம், பத்தானியின் சிற்றரசுகள், பிரிட்டன், ஜப்பான் ஆகிய ஆட்சிகளின் உரிமைப் போட்டிக்கு உட்பட்டது. ஈயம், கரும்பு, நெல், ரப்பர் என்று அடுத்தடுத்து வந்த தொழில்களுக்காகச் சீனர், தமிழர், பஞ்சாபியர், பஞ்சார் மக்கள், மண்டைலிங் மக்கள் ஆகியோர் இங்கே குடியேறினர். எல்லை மாறியதும் மக்கள் சேர்ந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதால், இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே விவரிக்கிறது.

கோடும் பட்டையும்

எல்லை ஆய்வில் எல்லைக்கோடு, எல்லைப்புறம் என்ற இரண்டும் தனித்தனியே கையாளப்படுகின்றன. எல்லைக்கோடு என்பது அளந்து, கல் நட்டு, ஒப்பந்தத்தில் எழுதி, வரைபடத்தில் வரையப்படுவது. எல்லைப்புறம் என்பது அந்தக் கோட்டின் இருபுறமும் மக்கள் மணவுறவும் வணிகமும் வழிபாடும் கொண்டு வாழும் அகன்ற நிலப்பகுதி. மலாய்த் தீபகற்பத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவற்றுள் இரண்டாவது மட்டுமே இருந்தது எனலாம். தென்கிழக்காசியப் பழைய அரசுகளை விளக்க வரலாற்றாசிரியர் ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் கையாண்ட 'மண்டலம்' என்ற கருத்து இங்கே பொருந்தும். மண்டல முறையில் அரசனின் அதிகாரம் தலைநகரில் செறிந்து, தொலைவு கூடக் கூட மெலிந்து, அடுத்த அரசனின் மெலிந்த அதிகாரத்தோடு கலந்துவிடும். ஒரே ஊர் இரண்டு பேரரசுகளுக்குத் திறை அனுப்பியதும் உண்டு. கெடா சுல்தான்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களைச் சயாம் மன்னருக்கு அனுப்பிவந்த 'பூங்கா மாஸ்' வழக்கம் இம்முறையின் சின்னம். அதைச் சயாம் அடிமைத் திறையாகவும், கெடா நட்பின் அடையாளமாகவும் கொண்டன. பின்னாளில் எழுந்த எல்லைத் தகராறுகளில் பல இந்த இருவேறு புரிதலிலிருந்து பிறந்தவை.

நில அமைப்பும் இங்கே கருதத்தக்கது. பழைய பேராக்கில் அதிகாரம் ஆற்றின் வழியே ஓடியது. ஆற்று முகத்துவாரத்தைக் கைக்குள் வைத்திருப்பவரே மேலிருந்து இறங்கும் ஈயத்துக்கும் காட்டுப் பொருளுக்கும் சுங்கம் விதித்தார். எனவே ஓர் அரசின் பரப்பு என்பது அதன் ஆற்றுப் படுகை. இரண்டு படுகைகளுக்கு இடைப்பட்ட மலையும் காடும் செமாங், தெமியார் போன்ற பழங்குடி மக்களின் வாழிடமாக இருந்தனவேயன்றி, எந்த அரசும் அவற்றை அளந்து உரிமை கொண்டாடவில்லை.

முற்காலச் சான்றுகள்

தைப்பிங்கை அடுத்துக் கடற்கரையில் பரந்திருக்கும் அலையாத்திக் காடுகளுக்குள் கோலா செலின்சிங் என்ற தொல்லியல் களம் உள்ளது. பேராக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஐவர் எவன்ஸ் 1920களிலும் 1930களிலும் அங்கே நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகளும், கல்மணிகளும், மட்பாண்டங்களும், படகு வடிவ ஈமப் பேழைகளும் கிடைத்தன. அவற்றோடு, சூதுபவளத்தில் செதுக்கிய சிறு முத்திரை ஒன்றும் வெளிப்பட்டது. விரல் நுனியில் அடங்கும் அந்தக் கல்லில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மன்' என்ற பெயர் தென்னிந்திய எழுத்து மரபைச் சார்ந்த வடிவில் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் சேற்றிலும் கழியிலும் வாழ்ந்த ஒரு மணி செய்யும் சமூகம் வங்கக் கடல் வணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு இக்களம் உறுதியான சான்று.

வடக்கே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு, தமிழ்க் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் குறிப்பிடும் கடாரத்தோடு இணைத்துக் கருதப்படுகிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்க்கொடையை லெய்டன் செப்பேடுகள் பதிவு செய்துள்ளன. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வீழ்ந்த இடங்களின் வரிசையில் கடாரமும் இலங்காசோகமும் தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெறுகின்றன. பேராக்கின் புருவாஸ் பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் கங்கா நகரமும் சோழரிடம் வீழ்ந்தது என்று மலேசியத் தமிழர் பலர் எழுதிவருகின்றனர். அச்செய்தி 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்றிலக்கியத்தின் ராஜா சூலான் கதையிலிருந்து வருவது. தஞ்சைக் கல்வெட்டின் பட்டியலில் அப்பெயர் இல்லாததால், இலக்கியச் செய்தியையும் கல்வெட்டுச் செய்தியையும் ஒன்றாகக் கலந்து எழுதுவதைத் தவிர்ப்பதே முறை. கடாரத்தின் ஆட்சி கிரியான் ஆற்றின் தெற்கே எதுவரை பரவியிருந்தது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது.

சுல்தானகமும் அண்டை அரசுகளும்

மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபின், அதன் கடைசி சுல்தான் மஹ்மூதின் மகன் முசாபர் ஷா 1528ஆம் ஆண்டில் பேராக் சுல்தானகத்தை நிறுவினார். அரண்மனை பேராக் ஆற்றங்கரையில் இருந்ததால், பிந்தாங் மலைக்கு மேற்கிலிருந்த லாருட்டும் கிரியானும் நெடுங்காலம் அரசின் ஓரங்களாகவே இருந்தன. 1620ஆம் ஆண்டில் அச்சே பேராக்கை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டில் கெடாவும் அச்சேயிடம் வீழ்ந்திருந்தது. பின்னர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஈய வணிகத்தின் தனியுரிமையை நாடிப் பங்கோர் தீவில் கோட்டை கட்டியது. இவை பெரும்பாலும் வணிகப் பொருள்களுக்கான போட்டிகளே. நிலத்தை ஆள வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் எதிலும் முன்னிற்கவில்லை.

நிலைமை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறியது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை அமைத்தார். 1800ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி, தீவுக்கு எதிரே கோலா மூடாவுக்கும் கோலா கிரியானுக்கும் இடைப்பட்ட கரையோர நிலத்தைக் கெடா கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தது. செபராங் பிறை என்று வழங்கும் இப்பகுதியின் தெற்கெல்லையாகக் கிரியான் ஆறு குறிக்கப்பட்டபோதுதான், இந்நிலப்பட்டையின் ஒரு பக்கத்தில் முதல்முறையாக எழுத்தில் பதிந்த ஐரோப்பிய எல்லை தோன்றியது.

இதே காலத்தில் சயாம் தெற்கே நகர்ந்தது. 1780களில் பத்தானியை வென்ற சயாம், பின்னர் அதை ஏழு சிற்றரசுகளாகப் பிரித்தது. அதன் ஆணைப்படி கெடா பேராக்கின் மீது படையெடுத்து 1818ஆம் ஆண்டில் வென்றது. மூன்றே ஆண்டுகளில், 1821இல், சயாம் கெடாவையே தாக்கிக் கைப்பற்றியது. 1826ஆம் ஆண்டில் ஹென்றி பர்னி பாங்காக்கில் முடித்த உடன்படிக்கை கெடாவின் மீது சயாமின் பிடியை ஏற்றுக்கொண்டு, பேராக் சுல்தான் தன் நாட்டைத் தன் விருப்பப்படி ஆளலாம் என்று வகுத்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் லோ பேராக் சுல்தானோடு செய்துகொண்ட ஒப்பந்தம் பங்கோரையும் அதை ஒட்டிய டிண்டிங்ஸ் தீவுகளையும் பிரிட்டனுக்கு அளித்தது. கெடாவின் பிடியிலிருந்த கிரியான் மாவட்டம், பிரிட்டனின் தலையீட்டால் 1848இல் பேராக்கிடம் திரும்பியது. கெடாவின் வயலும் பேராக்கின் கழியும் சந்திக்கும் அந்தச் சதுப்பு நிலத்தில் அப்போது மக்கள் மிகக் குறைவு. அதை யார் ஆள்வது என்ற கேள்வி பினாங்கிலும் பாங்காக்கிலும் தீர்மானிக்கப்பட்டது.

லாருட்டின் ஈயம்

1840களில் லாருட்டில் ஈயம் பெருமளவில் கண்டெடுக்கப்பட்டது. 'லாருட்' என்ற பெயருடைய யானை காட்டில் காணாமல் போய், சில நாள் கழித்து ஈய மணல் ஒட்டிய கால்களோடு திரும்பியதாக மக்கள் வழங்கும் கதை தைப்பிங்கில் இன்றும் சொல்லப்படுகிறது. லோங் ஜாபார் என்ற சிற்றதிகாரி சீனத் தொழிலாளரைக் கொண்டுவந்து கிளியான் பாவு, கிளியான் பாரு என்ற இரு இடங்களில் ஈய லம்பங்களைத் தொடங்கினார். மலேசியத் தமிழர் பேச்சில் லம்பம் என்பது ஈயச் சுரங்கத்தைக் குறிக்கும். அவருக்குப்பின் வந்த மகன் ஙா இப்ராஹிம், சுல்தானுக்கு இணையான செல்வமும் செல்வாக்கும் பெற்று, 1863ஆம் ஆண்டில் மந்திரி பட்டமும் அடைந்தார். மாத்தாங்கில் அவர் கட்டிய கோட்டை ஆற்றுச் சுங்கத்தைக் காக்கும் வகையில் அமைந்தது. அது இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

பினாங்கு வணிகரின் முதலீட்டில் நடந்த லம்பங்களில், கிளியான் பாவுவை ஹை சான் என்ற இரகசியச் சங்கமும், கிளியான் பாருவை கீ ஹின் சங்கமும் கையில் வைத்திருந்தன. நீர்வாய்க்கால் உரிமை முதலிய காரணங்களால் 1861 முதல் 1874 வரை இவற்றிடையே நான்கு முறை போர் மூண்டது. அரச வாரிசுரிமைச் சண்டையும் இதில் கலந்தது. கடற்கொள்ளை பினாங்கு வணிகத்தைப் பாதித்தது. ஙா இப்ராஹிம் பினாங்குக் காவல் அதிகாரியாயிருந்த டிரிஸ்டிராம் ஸ்பீடியை 1873இல் பணிக்கு அமர்த்த, அவர் இந்தியாவுக்குச் சென்று பஞ்சாபியரும் பட்டாணியருமான சுமார் 110 வீரர்களைத் திரட்டி வந்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோரில் கையெழுத்தான உடன்படிக்கை, வாரிசுரிமை கோரியவருள் ஒருவரான அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்று, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவரை அமர்த்தியது. சமயமும் மலாய் வழக்கமும் தவிர்ந்த எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கிளியான் பாவு, அமைதி என்ற பொருளில் தைப்பிங் ஆயிற்று.

இவ்வுடன்படிக்கையின் பிற விதிகள் எல்லை வரலாற்றுக்கு முக்கியமானவை. செபராங் பிறையின் தெற்கெல்லை கிரியான் ஆற்றுக்குத் தெற்கே சற்று நகர்த்தப்பட்டதோடு, டிண்டிங்ஸ் பகுதியும் பிரிட்டனின் நேரடி ஆட்சிக்குள் விரிந்தது. டிண்டிங்ஸ் 1935ஆம் ஆண்டில்தான் பேராக்கிடம் மீண்டது. முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டபின், அடுத்த ஆண்டில் நிர்வாகத் தலைமை தைப்பிங்கிற்கு வந்தது. ஸ்பீடி திரட்டிய படை, பேராக் ஆயுதக் காவல்படை, முதலாம் பேராக் சீக்கியர் படை என்று வளர்ந்து, 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் மாநிலங்களின் கைட்ஸ் படையாயிற்று. தீபகற்பத்தின் முதல் அருங்காட்சியகம் 1883இல் இங்கே நிறுவப்பட்டது. முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங் வரை, 13 கிலோமீட்டர் தொலைவுக்கு 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்பாதையை இட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் தொடர்ந்து வந்து சேர்ந்தனர்.

கிரியான்: கரும்பும் நெல்லும்

ஈயம் லாருட்டுக்குச் சீனரை அழைத்ததுபோல், கரும்பு கிரியானுக்குத் தமிழரை அழைத்தது. செபராங் பிறையில் கலிடோனியா முதலிய தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழ்க் கூலிகள் வேலை செய்துவந்தனர். 1870களுக்குப் பின், அங்கே நிலம் போதாமல் சீன, ஐரோப்பிய முதலாளிகள் ஆற்றைத் தாண்டிக் கிரியானின் சதுப்பைக் கேட்டுப் பெற்றனர். பாரிட் புந்தார், பாகான் செராய், கோலா கூராவ், கூலா ஆகிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. எல்லைக்கோடு பிரிட்டிஷ் மண்ணையும் பேராக்கையும் சட்டப்படி பிரித்தபோதிலும், முதலும் ஆளும் ஆலையும் பினாங்கிலிருந்தே வந்தன. பேராக்குக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்ப இந்திய அரசின் சட்டம் 1884இல் வழிவிட்டதும், நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் நேரே ஆற்றைக் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர்.

கடல்நீர் ஏறும் சதுப்பில் கரும்பு வளர்க்க, முதலில் கரை எழுப்பிக் கடலைத் தடுத்து, பின்பு வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். முழங்கால் சேற்றில் நின்று வெட்டிய அந்த வாய்க்கால்களே தோட்டத்தின் தெருக்களாகவும் ஆயின. கரும்பு படகில் ஏறி அவ்வழியே ஆலைக்குச் சென்றது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஒப்பந்தக் கூலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பலிகொண்டன. கிரியானின் கரும்புத் தோட்டங்கள் அக்காலத் தொழிலாளர் இறப்பில் பெயர்பெற்றவை. எல்லை வரைந்தோரின் வரலாறு எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட இந்த இறப்புகளின் வரலாறு எழுதப்படவில்லை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் கரும்பு வீழ்ந்து ரப்பர் எழுந்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள்திரட்டிவரும் முறை தமிழ்க் குடும்பங்களைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் நிலைக்கச் செய்தது. ஒரு லயத்தில் வாழ்ந்தோர் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவராக இருப்பதும், அவ்வூரின் மாரியம்மனோ முனியாண்டியோ தோட்டத்துத் தெய்வமாக எழுவதும் இதனால்தான்.

நெல்லும் இங்கே அரசியல் பயிராக இருந்தது. உள்ளூரில் அரிசி போதிய அளவு விளையாததால் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த அரசு, தமிழரை உழவராகக் குடியமர்த்த முயன்றது. 1880களில் பாகான் செராயில் பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் அரசு அளித்த நிலத்தில் தமிழ்க் கத்தோலிக்கருக்கான உழவுக் குடியிருப்பு ஒன்றை ஏற்படுத்தினர். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை மையமாகக் கொண்ட கிரியான் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. மலாயாவின் முதல் பெரும் பாசனத் திட்டம் இதுவே. ஆயினும் வயலின் பெரும்பகுதி கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரரிடமும், தெற்குக் கலிமந்தானிலிருந்து கடல் கடந்து வந்த பஞ்சார் மக்களிடமும் சேர்ந்தது. தமிழரை உழவராக்கும் எண்ணம் பெரிதாக வளராமல் போனதற்குத் தோட்ட முதலாளிகளின் ஆட்தேவையும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு. சொந்த நிலம் கிடைத்திருந்தால் கிரியான் தமிழரின் பிற்கால வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

உலு பேராக்கும் 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

மலைக்கு அப்பால் நடந்தது வேறு வகை. பத்தானியின் ஏழு சிற்றரசுகளுள் ஒன்றான ரேமான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் ஆற்றின் தலைப்பகுதிக்குள் இறங்கி, கிளியான் இந்தான் ஈயச் சுரங்கங்களைக் கைப்பற்றியது. ரேமான் சயாமுக்குத் திறை செலுத்தியதால், பேராக்கின் தகராறு சயாம்–பிரிட்டன் தகராறு ஆயிற்று. 1877 முதல் 1889 வரை ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ இந்நிலத்தைத் திரும்பக் கேட்டு எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஆற்றின் தோற்றுவாய் வரை தன் உரிமை என்று பேராக்கும், மக்கள் தனக்கு வரி செலுத்துகின்றனர் என்று ரேமானும் வாதிட்டன. பேராக்கின் வாதம் நிலத்தைப் பற்றியது. ரேமானின் வாதம் மக்களைப் பற்றியது. இரண்டும் அவ்வவற்றின் முறையில் நேர்மையானவை.

1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலேய–சயாம் உடன்படிக்கை இத்தகராறை முடித்தது. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றின் மீதான உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு மாற்றியது. பத்தானி சயாமிடமே நின்றது. பதிலாக, சயாமில் பிரிட்டிஷ் குடிமக்கள் பெற்றிருந்த தனி நீதிமன்ற உரிமை தளர்த்தப்பட்டதோடு, தென் இருப்புப்பாதைக்காக மலாய்க் கூட்டு மாநிலங்கள் நான்கு மில்லியன் பவுன் கடன் கொடுத்தன. ரேமானிடமிருந்த குரோ, கிளியான் இந்தான், பெலும் பகுதிகள் பேராக்குடன் சேர்ந்தன. அவ்வாண்டு ஜூலையில் ஆட்சி மாறியது. இன்றைய மலேசிய–தாய்லாந்து நில எல்லை இந்த உடன்படிக்கையின் விளைவு. பெரும்பகுதி நீர்ப்பிரிமேட்டை, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மலைமுகட்டைப் பின்பற்றும் இக்கோடு, அளப்பவருக்கு எளிது. ஒரே பேச்சும் ஒரே உறவும் கொண்ட மலாய் மக்களை அது இரண்டாக்கியது; தென் தாய்லாந்தில் இன்றுவரை தொடரும் கிளர்ச்சியின் வேர்களை ஆராய்வோர் இந்த ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர்.

உலு பேராக்கின் கிரிக்கில் நெடுங்காலம் மாவட்ட அதிகாரியாக இருந்த ஹியூபர்ட் பெர்க்லி, யானை மீதேறிச் சுற்றுப்பயணம் செய்து, தைப்பிங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் ஆணைகளைப் பெரிதும் பொருட்படுத்தாமல் ஆண்டார். கோடு வரைந்த பின்னும் எல்லைப்புறத்தின் பழைய ஆட்சிமுறை ஒரு தலைமுறைக்கு நீடித்தது என்பதற்கு அவர் பணிக்காலமே சான்று.

போரும் மறைந்த கோடுகளும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பத்தானி துறைகளிலும் இறங்கினர். குரோவிலிருந்து எல்லை தாண்டிச் சென்ற பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவு, பத்தானிச் சாலையின் 'லெட்ஜ்' எனப்பட்ட மலைவிளிம்பை முந்திப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. ஜித்ராவில் கெடாவின் தற்காப்பும் உடைந்தது. மேற்குக் கரையிலும் கிரிக் வழியிலும் இரு முனையாகப் பேராக்குக்குள் ஜப்பானியப் படை இறங்கியது. புக்கிட் லாருட் அடிவாரத்திலுள்ள தைப்பிங் போர்க் கல்லறையில் 850க்கும் மேற்பட்ட வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சாலையின் ஒருபுறம் கிறித்தவரும் மறுபுறம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரரும் உள்ளனர். பெயர் தெரியாதோர் பாதிக்கு மேல்.

அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வு 1943இல் நடந்தது. ஜப்பான் தன் நட்பு நாடான தாய்லாந்துக்குக் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கையும் ஒப்படைத்ததால், 1943 அக்டோபர் முதல் போர் முடியும் வரை பேராக்கின் வட எல்லை முழுவதும் ஒரு நாட்டெல்லையாக மாறியது. பாரிட் புந்தாரில் ஆற்றங்கரையில் நின்றவருக்கு, எதிர்க்கரையிலுள்ள கெடாவின் பண்டார் பாரு சட்டப்படி தாய்லாந்து; சற்றுக் கீழே செபராங் பிறையும், நின்றிருந்த கரையும் ஜப்பானிய ஆட்சியில். அதே ஆண்டுகளில் பேராக்கின் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா மரண ரயில் வேலைக்கு அதே எல்லையைக் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர்களின் பெயர்கள் தோட்டக் குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கின.

போருக்குப் பின், சுங்கை சிப்புட் பகுதியில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரச் சீனக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களாக வேலிக்குள் நகர்த்தப்பட்டன. தோட்ட லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. 1955 டிசம்பரில் கெடாவின் பாலிங்கில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தபின் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சிப் படை எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் பெத்தோங் வட்டாரத்துக்குள் நிலைகொண்டது. 1909இல் ஈயத்துக்காகவும் நீர்ப்பிரிமேட்டுக்காகவும் வரைந்த கோடு, இப்போது கிளர்ச்சியாளருக்குக் காப்பரணாயிற்று. கிரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை தாக்குதல்களுக்கு இடையே கட்டப்பட்டு 1982இல் திறக்கப்பட்டது. 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் உடன்பாட்டோடு ஆயுதப் போர் முடிந்தது. குரோ இப்போது பெங்காலான் உலு என்ற பெயரில் எல்லைச் சாவடியும் சந்தையும் கொண்ட சிறுநகரம்.

பேச்சும் வழிபாடும்

எல்லைப்புறத்தின் பண்பாட்டு வரைபடம் மாநில எல்லைகளோடு பொருந்துவதில்லை. கிரியானிலும் செலாமாவிலும் பேசப்படும் மலாய் கெடா–பினாங்கு வழக்கைச் சார்ந்தது; கிரிக்கிலும் பெங்காலான் உலுவிலும் பேசப்படுவது பத்தானி–கிளந்தான் வழக்குக்கு நெருங்கியது; பேராக் வழக்கு எனத் தனித்துச் சொல்லத்தக்கது கோலகங்சாரை ஒட்டிய ஆற்றங்கரையிலேயே ஒலிக்கிறது. தமிழரிடையேயும் இத்தகைய பிரிவு உண்டு. கிரியான் தோட்டத்து மக்கள் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலையையும், தெற்கிலுள்ளோர் ஈப்போ குனோங் சீரோவையும் நாடுவது வழக்கம். தைப்பிங் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பிலும், 1960இல் திருத்தணி சேர்ந்தபோதும் மொழியே எல்லைக்கு அளவுகோலாயிற்று. பேராக்கில் ஆறும் ஈயமும் அளவுகோலாக இருந்தமையால், பேச்சு கோட்டைக் கடந்து தன் போக்கில் பரவிநிற்கிறது.

வரைபடத்தில் விடுபட்டவை

இவ்வெல்லைப்புறத்தைப் பற்றிய வரைபடங்களும் ஆய்வுகளும் பெரும்பாலும் ஒப்பந்தங்களையும் சுல்தான்களையும் சுரங்கங்களையும் தொடர்கின்றன. ஆற்றைத் தாண்டி வந்து சதுப்பை நிலமாக்கிய தோட்டத் தமிழர் அவற்றில் ஒரு மக்கள்தொகை எண்ணாகவே வருகின்றனர். 1970களுக்குப் பின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும், லயங்கள் இடிக்கப்பட்டும், குடும்பங்கள் தைப்பிங்குக்கும் பிறைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் நகர்ந்தும் போனதால், இப்பதிவு இன்னும் அருகிவருகிறது. கூலா, கலும்போங், செர்சோனீஸ், செலின்சிங் என்ற தோட்டங்களின் பெயர்கள் இன்று பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிலைத்துள்ளன. அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளிலும், தோட்டக் கோயில்களின் திருவிழாக் கணக்குகளிலும், இடுகாட்டுக் கற்களிலும் எந்த வட்டாரத்துத் தமிழர் எந்த ஆண்டில் எத்தோட்டத்துக்கு வந்தனர் என்ற விவரம் சிதறிக் கிடக்கிறது. அவை கரையான் அரிக்கும் முன் படியெடுத்துத் தொகுக்கப்பட வேண்டும். அப்பணியைத் தொடங்கப் பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் ஆய்வாளரும் முன்வர வேண்டும்.